நான்கு பிரிவுகள், நான்கு இடர்ப் பட்டியல்கள்: ஒன்றாகப் பார்ப்பது எப்படி?

பவானிக்கரை (கேள்வி)

வணக்கம். கோவை வட்டாரத்தில் ஒரு குடும்பக் குழுமத்தின் உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நூற்பாலை, சாயப்பட்டறை, பனியன் ஏற்றுமதி, காற்றாலை என்று நான்கு தொழில்கள். நூற்பாலையைப் பெரியவரின் மூத்த மகனும், ஏற்றுமதியை இளைய மகனும், சாயப்பட்டறையை மருமகனும் நடத்துகிறார்கள். காற்றாலை மட்டும் தலைமை அலுவலகத்தின் கையில். ஒவ்வொன்றும் தனிக் கம்பெனி, தனி வங்கி, தனி ஆடிட்டர். ஒருவர் பொறுப்பில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதிப் பிரிவு சில ஆர்டர்களை நிறுத்தி வைத்தது. நூற்பாலைக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த ஆர்டர்களுக்கென்றே ஓட்டிய 30ஆம் நம்பர் நூல் குடோனை நிறைத்துவிட்டது. அதன் பிறகு பெரியவர் என்னை அழைத்து, "நான்கு இடத்திலும் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஒரே தாளில் எனக்கு வேண்டும்" என்றார்.

நால்வரிடமும் பட்டியல் வாங்கினேன். நூற்பாலை 42 வரி, சாயப்பட்டறை 17, ஏற்றுமதி 61, காற்றாலை 9. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, 129 வரிகளையும் ஒரே அட்டவணையாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "இதில் நான் நாளைக்கு எதைச் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இடர் மேலாண்மை பற்றிய வழிகாட்டி நூல்கள் எல்லாம் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருக்கின்றன. எங்களுக்கு இயக்குநர் குழுவின் கீழ் இடர்க் குழு எதுவும் இல்லை. தனித்தனியாக ஓடும் பிரிவுகளை ஒரே பார்வைக்குள் கொண்டுவந்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நொய்யல்காரர் (பதில்)

தம்பி, அந்த 129 வரிகளையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவை பொய் என்று சொல்லவில்லை. அவரவர் கூரை எங்கே ஒழுகுகிறது என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே எழுதியிருப்பார்கள். பெரியவருக்கு வேண்டியது, ஒரு கூரையில் தீப்பிடித்தால் அடுத்து எந்தக் கூரைக்குத் தாவும் என்ற செய்தி. அது நான்கு பட்டியலில் எதிலும் இருக்காது.

திருப்பூரில் உங்களுடையதைப் போலவே நூல், நிட்டிங் (துணி பின்னுதல்), சாயம், ஏற்றுமதி என்று பிரிந்து கிடந்த ஒரு குழுமத்தில் நிதிப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2011 ஜனவரி 28ஆம் தேதியை நான் மறந்ததில்லை. நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலந்த வழக்கில், துளிக் கழிவுகூட வெளியேறாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாள் அது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எங்களுடையதும் நின்றது.

மின் இணைப்பைத் துண்டித்தபோது உள்ளே 14 டன் துணி கிடந்தது. சாயமேற்றும் மெஷினுக்குள் ஒரு லாட் நனைந்தபடியே அகப்பட்டுக்கொண்டது. மறுநாள் ஆள் விட்டுக் கையாலேயே இழுத்து வெளியே போட்டோம். கருநீலம் ஓரிடத்தில் அட்டையாகப் பிடித்தும் ஓரிடத்தில் சாம்பலாக வெளிறியும் இருந்தது. அந்தத் துணியில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்து வைத்தேன். இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

எங்கள் ஏற்றுமதிப் பிரிவு அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவரின் கோடைக்கால ஆர்டரை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தது. துணியை வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வாங்கினோம். நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினோம். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. ஓர் உருப்படிக்கு 11 ரூபாய் லாபம் போட்டிருந்த இடத்தில் விமானக் கட்டணமே 40 ரூபாயைத் தாண்டிவிட்டது. துணி நகராததால் நிட்டிங் நின்றது. நிட்டிங் நின்றதால் நூல் தேங்கியது. அந்த நூலுக்காகப் பஞ்சு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது.

இதில் எதுவும் திடீரென்று வந்ததல்ல. கழிவே வெளியேறக் கூடாது என்று 2006 டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் சாயப்பட்டறை மேலாளரின் பட்டியலில் 'நீதிமன்ற வழக்கு' என்பது நான்கு ஆண்டுகளாக முதல் வரி. ஏற்றுமதிப் பிரிவின் பட்டியலில் அந்தச் சொல்லே கிடையாது. அவர்களுக்குச் சாயம் என்பது மாதக் கடைசியில் வரும் ஒரு ஜாப் ஒர்க் பில்.

அந்த மேலாளரிடம் பிறகு நேரடியாகவே கேட்டேன், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. "யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே துணியை வெளிப்பட்டறைக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். வழக்கு மூடுவதற்கு முன்பே என் பட்டறையை அவர்கள் மூடியிருப்பார்கள்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய போனஸ் அவர் பட்டறையின் லாபத்தை மட்டும் பார்த்துப் போடப்பட்டது. உண்மையைச் சொன்னால் கூலி குறையும் என்று நாங்களே ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். பிரிவுகள் தனித்தனியாக ஓடும் இடத்தில் எல்லாம் இந்த முடிச்சு இருக்கும். உங்கள் குழுமத்திலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

பட்டறை மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு நாங்கள் மூன்று காரியம் செய்தோம். முதலாவது, மாதம் ஒரு முறை பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். லாப நட்டக் கணக்கு அங்கே வரக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "உங்கள் இடம் பத்து நாள் நின்றால், இந்த மேசையில் யாருக்கு எது நிற்கும்?" முதல் மாதம் எல்லாரும் 'ஒன்றும் நிற்காது' என்றார்கள். இரண்டாம் மாதம் நிட்டிங் மேலாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு என்னிடமிருந்து தினமும் எத்தனை கிலோ துணி வருகிறது என்று உங்களுக்கே தெரியுமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் உண்மையான பேச்சு தொடங்கியது.

இரண்டாவது, நான்கு செய்திகளை மட்டும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று விதித்தோம்: மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், நீதிமன்றம், வரித்துறை இவற்றிலிருந்து வரும் எந்த நோட்டீசும்; பெரிய வாடிக்கையாளர் 30 நாளுக்கு மேல் பணம் தாமதிப்பது; வங்கி கடன் வரம்பைப் பற்றி எழுதும் கடிதம்; ஒரு ஆர்டர் நிறுத்தப்படுவது. ஐந்தாவதாக எதையும் சேர்க்க நான் விடவில்லை. நாற்பது சேர்த்திருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது.

மூன்றாவதுதான் கடினம். பிரிவுத் தலைவர்களின் போனஸில் ஐந்தில் ஒரு பங்கைக் குழுமத்தின் மொத்த லாபத்தோடு கட்டினோம். கெட்ட செய்தியை முன்கூட்டிச் சொன்னவருக்கு அந்தச் செய்தியின் பெயரால் பிடித்தம் கூடாது என்று முதலாளி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதற்கு எட்டு மாதம் ஆனது. அந்த ஒரு தாள் இல்லாமல் மற்ற இரண்டும் நிலைத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

சாம்பல்மேடு (பதில்)

தீ விபத்து இழப்புகளை மதிப்பிடும் சர்வேயர் நான். நொய்யல்காரர் ஐயா சொன்னதோடு, என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஒரு குழுமத்தின் நூற்பாலைக் கிடங்கில் தீ. நான் போனபோது பஞ்சுப் பேல்கள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன. பேல் வெளியே அணைந்தது போல் தெரியும். பிரித்தால் நடுவில் சிவப்பாக இருக்கும். அதே கிடங்கின் பின்பாதியில் அவர்களுடைய ஏற்றுமதிக் கம்பெனியின் துணி 1 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு அடுக்கியிருந்தது. அங்கே இடம் இல்லை என்று இங்கே வைத்திருந்தார்கள். அண்ணன் கிடங்கில் தம்பி சரக்கை வைக்க வாடகைச் சீட்டா எழுதுவார்கள்?

நூற்பாலையின் தீ பாலிசியைப் பார்த்தேன். தம் பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் சரக்கு, பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய இழப்பீட்டில் வராது. குறிப்பிடவில்லை. ஏற்றுமதிக் கம்பெனியின் பாலிசியைப் பார்த்தேன். அதில் காப்பீடு செய்த இடம் என்று அவர்களுடைய சொந்த முகவரி மட்டும் இருந்தது. இரண்டு பாலிசியும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டவை. இரண்டு கம்பெனியின் பட்டியலிலும் 'தீ: காப்பீடு உள்ளது' என்று டிக் போட்டிருந்தது. துணி இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. இழப்பீடு கிடையாது என்று அந்த இளையவரிடம் சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன். சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

உங்கள் நான்கு கம்பெனிகளின் பாலிசிகளையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். யார் சரக்கு யார் கிடங்கில் என்று ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் இது தெரியாது.

இது சிறு குழுமங்களின் நோய் மட்டும் அல்ல. காப்பீட்டுத் தொழிலிலேயே உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக இருந்தது அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. அதன் நிதிப் பிரிவு, வீட்டுக் கடன் பத்திரங்கள் திவாலானால் ஈடு தருவதாகப் பிறருக்கு உறுதி விற்றுக்கொண்டிருந்தது. 2005 கடைசியில் அடமானச் சந்தை சரியில்லை என்று கண்டு, புதிதாக அப்படி விற்பதை நிறுத்த முடிவு செய்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அதே குழுமத்தின் முதலீட்டுப் பிரிவு, ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் பத்திரங்களை இரவல் கொடுத்துப் பெற்ற பணத்தைக் கொண்டு வீட்டுக் கடன் பத்திரங்களைக் கூடுதலாக வாங்கத் தொடங்கியது. ஒரு கை விலக்கிய தட்டில் மறு கை சோறு பரிமாறியது. 2008 செப்டம்பரில் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் பணம் கேட்டு நெருக்கினார்கள். 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அமெரிக்க மத்திய வங்கி தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் ஷிப்ட் (பதில்)

மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பிரிவுத் தலைவர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நூற்பாலை நடத்துகிறேன்.

எங்கள் குழுமத்தில் 2021இல் ஓர் ஒருங்கிணைப்புக் குழு போட்டார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் பஞ்சு வாங்கினால் அந்தக் குழு ஒப்புதல் தர வேண்டும். 2022 ஜனவரியில் குஜராத்திலிருந்து நல்ல சங்கர்-6 பஞ்சு, நல்ல விலைக்கு வந்தது. வியாபாரி சொன்ன விலை இரண்டு நாள் நிற்கும். குழு கூடிக் கையெழுத்துப் போட 11 நாள் ஆனது. அந்தப் பஞ்சு போய்விட்டது. அதே ஆண்டு மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அந்த விலையிலும் வாங்கினோம். ஆலையை மூடி வைக்க முடியாதே.

தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பஞ்சைக் கையில் எடுத்து இழை நீளம் பார்க்கத் தெரியாது. பிரிவைத் தனியாக விட்டதே அந்தந்தத் தொழில் தெரிந்தவன் உடனே முடிவெடுக்கட்டும் என்றுதான். ஒருங்கிணைப்பு என்ற பெயரில் அந்த உரிமையைப் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் பெரியவரின் மூத்த மகன் பட்டியல் தர முகம் சுளித்தால், அவர் இதைத்தான் பயப்படுகிறார்.

பவானிக்கரை

மூவருக்கும் நன்றி. இரண்டாம் ஷிப்ட் அண்ணா சொன்னது அப்படியே உண்மை. மூத்தவர் என்னிடம், "இன்றைக்குப் பட்டியல் கேட்பாய், நாளைக்குக் கையெழுத்துக் கேட்பாய்" என்று சொல்லியே விட்டார்.

நொய்யல்காரர் ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. எனக்கு 31 வயது. சம்பளத்துக்கு இருப்பவன். முதலாளியின் மகன்களையும் மருமகனையும் மேசைக்கு அழைத்துக் கேள்வி கேட்க எனக்கு என்ன இடம் இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்காரர்

முதலில் அந்த நூற்பாலைக்காரருக்கு. நீங்கள் சொன்னது நியாயம். தெரிவிப்பது வேறு, ஒப்புதல் கேட்பது வேறு. பஞ்சு வாங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். வாங்கிய மாலை எவ்வளவு, என்ன விலை, எத்தனை நாள் தவணை என்று ஒரு வரி அனுப்பினால் போதும். எங்கள் நான்கு செய்திகளிலும் 'அனுமதி' என்ற சொல் கிடையாது. மொத்த வரம்பு ஒன்று மட்டும் பெரியவர் வைக்கலாம். அதற்குள் முடிவு உங்களுடையது.

தம்பி, நீங்கள் யாரையும் கேள்வி கேட்டுத் தொடங்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் உங்கள் தலைமை அலுவலக பீரோவிலேயே இருக்கிறது. வங்கிகளின் கடன் அனுமதிக் கடிதங்களை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் உத்தரவாதம் கொடுத்தவர் யார் என்று இருக்கும். தனிக் கம்பெனி, தனி வங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கடனுக்கு மற்றவர் கம்பெனி உத்தரவாதம் போட்டிருந்தால் அந்தத் தனிமை காகிதத்தோடு சரி. யார் சொத்து யாருக்காக அடமானத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்து, வர வேண்டிய பாக்கி. ஒவ்வொரு கம்பெனியின் முதல் இருபது பெயரை அருகருகே வையுங்கள். எங்களுக்கு ஒரு முறை மூன்று பிரிவும் ஒரே ஆளுக்குக் கடன் கொடுத்திருந்தது. நூல் ஒரு பெயரில், துணி இன்னொரு பெயரில், சாயக் கூலி அவர் மனைவி பெயரில். ஒவ்வொரு பிரிவிலும் 2 கோடி வரம்பு, மூன்றும் வரம்புக்குள். கூட்டினால் 5 கோடியே 40 லட்சம். ஜி.எஸ்.டி. எண்ணையும் பான் எண்ணையும் முகவரியையும் ஒத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

பிறகு டாலர். நூற்பாலை வெளிநாட்டுப் பஞ்சு இறக்கினால் டாலர் கொடுக்க வேண்டும். ஏற்றுமதிக்கு டாலர் வர வேண்டும். ஒருவர் டாலர் ஏறும் என்று பயந்து ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலருக்கு இன்றே வங்கியோடு விலை பேசி வைப்பது) எடுப்பார், மற்றவர் இறங்கும் என்று பயந்து எடுப்பார். ஒரே கம்பெனியின் பிரிவுகள் என்றால் வரும் டாலரிலேயே கட்டிக்கொள்ளலாம். உங்களைப் போலத் தனிக் கம்பெனிகள் என்றால் அப்படி நேர் செய்ய இயலாது. ஆனாலும் இருவரும் எந்த மாதத்துக்கு எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பது பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை அனைத்தும் ஒரே பக்கத்தில் வரட்டும். மதிப்பெண் போடாதீர்கள், சிவப்பு பச்சை வண்ணம் வேண்டாம். யாருடைய பிழை என்றும் எழுதாதீர்கள். கூட்டத்தைப் பெரியவர் பெயரில், பெரியவர் முன்னிலையில் வையுங்கள். நீங்கள் நோட்டோடு ஓரத்தில் உட்காருங்கள்.

பவானிக்கரை (ஐந்து வாரம் கழித்து)

முதல் அமர்வு சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. அதனால்தான் இங்கே எழுதத் தாமதம்.

ஒரு பக்கம்தான் கொண்டுபோனேன். நூற்பாலைக்கும் சாயப்பட்டறைக்கும் பாக்கி வைத்திருப்பது ஒரே குடும்பம். கூட்டினால் 3 கோடியே 85 லட்சம். ஏற்றுமதியின் பேக்கிங் அட்டைப்பெட்டிகள் சாயப்பட்டறையின் பின்புறக் கொட்டகையில், எந்தப் பாலிசியிலும் இல்லாமல் கிடந்தன. சாம்பல்மேடு ஐயா சொன்னபடி நடந்து பார்த்திருக்காவிட்டால் அதை நான் கண்டிருக்க மாட்டேன்.

பெரியவர் அந்தப் பத்து நாள் கேள்வியைக் கேட்டார். மூத்தவர் பஞ்சு இருப்பைப் பற்றி ஏதோ சொல்லி முடித்துக்கொண்டார். மருமகன் சிறிது நேரம் தயங்கிவிட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துவிட்டன, அடுத்த மாதம் 12 நாள் நிறுத்தியே ஆக வேண்டும், அந்த நாட்களில் பாதி அளவுதான் சாயம் போட முடியும் என்றார். இதை அவர் இரண்டு மாதமாக அறிவார். இளையவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து கப்பல் தேதிகள் எழுதிய தாளை எடுத்து மேசையில் வைத்து, "எந்தப் 12 நாள் மாமா?" என்று கேட்டார். இருவரும் அரை மணி நேரம் அந்தத் தாளில் குனிந்திருந்தார்கள். 4ஆம் தேதி நிறுத்துவதாக இருந்ததை 17ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. காற்றாலை நிலம் முழுவதும் சாயப்பட்டறையின் கடனுக்கு அடமானத்தில் இருக்கிறது. மகன்கள் இருவருக்கும் அது தெரியாது என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் அதை எழுதாமல் விட்டேன். அடுத்த அமர்வில் எல்லார் முன்னிலையிலும் எடுப்பதா, முதலில் பெரியவரிடம் தனியாகச் சொல்வதா?

நொய்யல்காரர்

முதலில் பெரியவரிடம், தனியாக. அவர் கையெழுத்திட்ட பத்திரமாகத்தான் இருக்கும், நகலோடு போங்கள். மகன்களிடம் அவரே சொல்லட்டும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கு முன்பே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.